அதே பன்னிரண்டு பேர்

கணக்கம்மாவுக்கு அலுவலகத்தில் இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே கணக்கம்மா. முதுகுக்குப் பின்னால் 'இன்னும் நாலு'. இரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் தெரியாதவளாகவே இருந்துவிட்டாள். கோபித்துக்கொள்ள ஒரு நியாயம் வேண்டுமே? எந்தத் தாளை நீட்டினாலும், அதில் எத்தனை பேர் என்று எழுதியிருந்தாலும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இன்னும் நாலு பேர் இருந்தா நல்லது" என்று சொல்கிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அவள் வேலை பார்த்தது மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு நிலையத்தில். ஒரு மருந்தை ஒரு கம்பெனி முதலில் கண்டுபிடிக்கும். சில வருடங்கள் கழித்து அதே மருந்தை இன்னொரு கம்பெனியும் செய்யும். செய்துவிட்டால் ஆயிற்றா? புது மாத்திரையும் அசல் மாத்திரையைப் போலவே, அதே அளவில், அதே வேகத்தில் ரத்தத்தில் கலக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்காக நோய்நொடி இல்லாத ஆட்களை வரவழைத்து, வரிசையாகக் கட்டிலில் படுக்கவைத்து, பாதிப் பேருக்கு அசலும் பாதிப் பேருக்குப் புதிதும் கொடுப்பார்கள். நாள் முழுக்க மணி பார்த்து ரத்தம் எடுப்பார்கள். பத்து நாள் கழித்து எல்லோரும் மறுபடி வர வேண்டும். இந்த முறை அசல் சாப்பிட்டவருக்குப் புதிது, புதிது சாப்பிட்டவருக்கு அசல். ஒவ்வொரு ஆளையும் அவரோடேயே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

கணக்கம்மாவின் வேலை இதற்கெல்லாம் முன்னால் தொடங்கும். எத்தனை பேரைப் படுக்கவைப்பது என்று சொல்ல வேண்டியவள் அவள். புது மாத்திரை அசலில் எண்பது சதவீதத்துக்கும் நூற்றிருபத்தைந்து சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். சராசரி மட்டும் அங்கே போய் நின்றால் போதாது, சந்தேகத்துக்காக இரண்டு பக்கமும் விட்ட இடமும் முழுசாக உள்ளே அடங்க வேண்டும். ஆள் குறைவாக இருந்தால் சந்தேகம் பெருத்துப்போய் வெளியே பிதுங்கும். அப்போது நல்ல மாத்திரைக்கே கெட்ட பேர் வரும். அதனால் நூறு முறை சோதனை செய்தால் எண்பது முறையாவது நல்ல மாத்திரை நல்ல மாத்திரை என்றே தெரிகிற அளவுக்கு ஆள் வைக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். தேவையில்லாமல் ஒருவர் கையில் ஊசி குத்துவது பாவம் என்றும், ஆள் போதாமல் இருபது பேரைக் குத்திவிட்டு ஒன்றும் தெரியாமல் கைவிரிப்பது அதைவிடப் பெரிய பாவம் என்றும் சொல்வாள். இந்த இரண்டு பாவங்களுக்கு நடுவில் பத்தொன்பது வருடம் காலம் தள்ளியிருந்தாள். இவ்வளவு காலத்தில் அவள் போட்ட கணக்கில் ஒருவரும் ஒரு தப்பு கண்டுபிடித்ததில்லை. அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வம் உண்டு. உள்ளூர என்ன, வெளியிலும்தான்.

வீட்டிலும் அதே புத்திதான். அவளுடைய மாமியாருக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம், நாலு பேர். சத்தமாகச் சிரித்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள், வாசலில் ஈரத்துணியைக் காயப்போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள். கல்யாணமான புதிதில் மருமகள் ஒருநாள் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த நாலு பேர் யாரு அத்தை? நீங்களா தேர்ந்தெடுத்தீங்களா, இல்ல குலுக்கிப் போட்டு எடுத்தீங்களா?"

"இதென்னடி கேள்வி? நாலு பேர்னா நாலு பேர்தான்."

"நாலு பேரை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது அத்தை. குறைஞ்சது பன்னிரண்டு பேராவது வேணும்."

மாமியார் மகனிடம் ஓடினார். மகன் தையல்காரர். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "அவ கேக்கிறது நியாயமாத்தானேம்மா இருக்கு" என்றார். அன்றிலிருந்து மாமியார் மருமகளிடம் நாலு பேரைப் பற்றிப் பேசுவதில்லை. 'ஊர்' என்று மாற்றிக்கொண்டார். அதற்குக் கணக்கு கேட்க முடியாதல்லவா?

தையல்காரருக்கு மனைவியின் வேலை நன்றாகப் புரியும். ஒரே ஆளின் இடுப்பு காலையில் முப்பத்துநாலு, சாப்பிட்டுவிட்டு வந்தால் முப்பத்தைந்து என்பதைத் தினமும் டேப்பில் பார்க்கிறவர் அவர். கணக்கம்மா அடிக்கடி சொல்வதும் அதுதான். குண்டன் ஒருவன், ஒல்லி ஒருவன் என்று ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசம் அவளுக்குப் பொருட்டே இல்லை. ஒரே ஆள் இன்றைக்கு எப்படி, பத்து நாள் கழித்து எப்படி, அந்த வித்தியாசம்தான் எத்தனை பேர் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அது கொஞ்சமாக இருந்தால் சில பேர் போதும். அதிகமாக இருந்தால் ஊரையே கூட்ட வேண்டியதுதான். "ஒரே ஆள், ஒரே ஆள்" என்று அவள் பேசிப் பேசி, நிலையத்தின் சமையல்காரர்கூட ரசத்தை ருசி பார்த்துவிட்டு, "ஒரே ஆள் வச்சதுதான், நேத்து மாதிரி வரலையே" என்று சொல்லும் அளவுக்கு அது பரவியிருந்தது.

இப்படி இருந்தவளுக்குத்தான் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று வந்து வாய்த்தது. பெரிய சோதனைக்கு எத்தனை பேர் தேவைப்படும் என்று தெரிந்துகொள்ள, முதலில் பன்னிரண்டு பேரை வைத்துச் சின்னதாக ஒரு முன்சோதனை நடத்தினார்கள். இரண்டு முறையும் பன்னிரண்டு பேரும் வந்தார்கள், ஒருவர்கூடக் குறையவில்லை. அதுவே அந்த நிலையத்தின் சரித்திரத்தில் ஒரு சாதனை. கணக்கம்மா முடிவுகளை வாங்கிக் கணக்குப் போட்டாள். அதைத் தாளில் எழுதி டைரக்டரின் மேஜையில் வைத்தாள்.

டைரக்டர் என்றால் சினிமா டைரக்டர் இல்லை. ஆனால் 'கட்' சொல்கிற பழக்கம் இவருக்கும் இருந்தது.

"அறுபத்தாறா? மேடம், நான் கேட்டது எத்தனை பேர்னு. உங்க வயசைக் கூட்டிச் சொல்லுங்கன்னு கேக்கல."

"ஒரே ஆளுக்குள்ள வித்தியாசம் நாற்பது சதவீதம் வருது சார். அதுக்கு அறுபத்தாறு ஆகும். அதுக்கு மேல இன்னும்..."

"வேண்டாம். நாலுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஆறு சார். நடுவுல வராமப் போறவங்களுக்குப் பதிலா. மொத்தம் எழுபத்திரண்டு."

டைரக்டர் எழுந்து ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி உட்கார்ந்தார். நிலையத்தில் இருந்த கட்டில்கள் முப்பத்தாறு. எல்லோரையும் ஒரே தடவையில் படுக்கவைத்து முடிக்கிற நிலையத்துக்குத்தான் வேலை என்று மருந்துக் கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கை போய்ச் சேர வேண்டும்.

"இந்த வேலை கை நழுவிப்போச்சுன்னா இந்த வருஷத்துக்கு நமக்கு வேற வேலை இல்ல. அப்புறம் கணக்குக்குன்னு தனியா ஒரு ஆள் இங்க எதுக்கு? தேவைப்படும்போது வெளியில யார்கிட்டயாவது வாங்கிக்கலாம். நான் சொல்றது புரியுதா மேடம்?"

புரியாமல் என்ன? இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த ஊரில் மாத்திரையை ஒப்பிடுகிற நிலையம் அது ஒன்றுதான்.

"அந்த ஏழாம் நம்பர் ஆளாலதானே இவ்வளவும்?" என்றார் டைரக்டர். வரைபடம் அவருக்கும் படிக்கத் தெரியும். பன்னிரண்டு பேரின் கோடுகளில் பதினொன்று ஒன்றன்மேல் ஒன்று சமர்த்தாக ஏறி இறங்கின. ஏழாம் நம்பரின் இரண்டாம் முறைக் கோடு மட்டும் தென்னைமரம் மாதிரி தனியாக வளர்ந்து நின்றது. முதல் முறை ஒரு பங்கு மருந்து ரத்தத்தில் இருந்தது என்றால், இரண்டாம் முறை நாலு பங்கு. "அவரை எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்க."

"பார்த்துட்டேன் சார். இருபத்தெட்டு வருது. பதிலுக்கு நாலு பேர் சேர்த்தா முப்பத்திரண்டு."

"கட்டில்ல அடங்குதே! அப்போ எடுத்துடுங்க."

"என்ன காரணம்னு எழுதறது?"

"ஒத்துவரலன்னு எழுதுங்க."

"ஒத்துவரலன்னு ஒரு நம்பரைத் தள்ளிவைக்க முடியாது சார். எனக்கு ஒத்துவராத எத்தனையோ நம்பர்களோட பத்தொன்பது வருஷமா குடும்பம் நடத்திட்டு இருக்கேன்."

டைரக்டர் 'கட்' என்கிற மாதிரி கையை வெட்டினார். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி என்று கெடு வைத்தார். அன்றைக்குச் செவ்வாய்.

புதன்கிழமை முழுக்கக் கணக்கம்மா ஏழாம் நம்பரின் கோப்பையே புரட்டிக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்த நேரம் சரி. குழாய்களில் ஒட்டிய சீட்டு சரி. மாத்திரை விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டியதாகக் கையெழுத்து இருந்தது. சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், யாருமே படிக்காத முதல் பக்கத்தைப் படித்தாள். முதல் முறை வந்தபோது ஏழாம் நம்பரின் எடை எழுபத்தொரு கிலோ. இரண்டாம் முறை அறுபத்துநாலு. சரி, பத்து நாளில் ஏழு கிலோ இளைத்துவிட்டார், ஏதோ வீட்டுக் கவலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே பத்து நாளில், முப்பத்துநாலு வயதில், அவர் ஓர் அங்குலம் வளர்ந்தும் இருந்தார்.

சோதனைக்கு வந்தவர்களைப் பார்த்து உள்ளே அனுமதித்த நர்ஸ் சிஸ்டரைத் தேடிப் போனாள்.

"நீங்கதானே எடை, உயரம் எல்லாம் எழுதினீங்க சிஸ்டர்?"

"நான்தான். உயரம் ரெண்டாவது தடவை எடுக்க வேண்டியதே இல்ல. ஒரு பழக்கத்துல எடுத்துட்டேன். அது தப்பா?"

"தப்பு இல்ல, நீங்க தெய்வம். ஆள் அதே ஆள்தானான்னு பார்த்தீங்களா?"

"கார்டு காட்டினாரு. போட்டோல இருந்த மீசை அப்படியே இருந்துச்சு."

"மீசையைத்தான் பார்த்தீங்களா?"

"அம்மா, நீங்க அந்த மீசையைப் பார்த்ததில்ல. அது இருக்கிற மூஞ்சில வேற எதுவும் கண்ணுல படாது."

வியாழக்கிழமை காலையில் ஆள்பிடி அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பரின் வீட்டைத் தேடிப் போனாள். ஆள்பிடி அண்ணன்தான் நிலையத்துக்குச் சோதனை ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பவர். கணக்கம்மா தாளில் சுலபமாக எழுதிவிடுகிற ஒவ்வொரு 'இன்னும் நாலு'க்கும் நாலு தெரு அலைகிறவர் அவர்தான் என்பதால், அவளிடம் அவருக்கு நீண்டகாலக் குறை ஒன்று உண்டு. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடும் கடையும் ஒன்றாக இருந்தது. முன்புறம் டயர் கடை. உள்ளே இரண்டு பேர் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மீசை. சிஸ்டர் சொன்னதில் மிகையே இல்லை. ஒரு மீசையில் பாதியே நாலு ஆணுக்குப் போதும்.

"உங்கள்ல யாருங்க ஏழு?" என்றாள் கணக்கம்மா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் தடித்தவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"முதல் தடவை நான்தாங்க ஏழு. ரெண்டாவது தடவை தம்பி ஏழு."

இதை ஒளிவுமறைவு இல்லாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ஆள்பிடி அண்ணன் பக்கத்தில் இருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். இரண்டாம் முறைக்குக் கிளம்ப வேண்டிய நாளில் மூத்தவரின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. போகாமல் இருக்கலாமா? வாக்குக் கொடுத்தாயிற்றே. அதனால் பதினோரு மாதம் இளையவரான தம்பியை, தன்னுடைய சட்டையையும் கார்டையும் கொடுத்து அனுப்பிவைத்தார். தம்பி போய்ப் படுத்தார், விழுங்கினார், ரத்தம் கொடுத்தார், திரும்பி வந்தார். அண்ணனுக்குப் பெண் பிறந்திருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

"இப்படிச் செய்யலாமாய்யா?" என்று கத்தினார் ஆள்பிடி அண்ணன். "ஏன்யா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்கதானே மூணு தடவை போன் பண்ணீங்க?" என்றார் மூத்தவர். "ஒரு ஆள் குறைஞ்சாலும் கணக்கம்மாவுக்குச் சோறு இறங்காதுன்னு சொன்னீங்க. சீட்டு வேற கொடுத்தீங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சோ அதைத்தான் நாங்க செஞ்சோம்."

அவர் உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த சீட்டை எடுத்து வந்து நீட்டினார். கணக்கம்மா வாங்கிப் படித்தாள். அவளுடைய கையெழுத்து. முந்தைய சோதனையில் மூன்று பேர் இரண்டாம் முறைக்கு வராமல் கம்பி நீட்டியிருந்ததால், இந்த முறை அப்படி நடக்கக் கூடாது என்று அவளே எழுதி, நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்ன சீட்டு.

'இரண்டாம் முறைக்கும் பன்னிரண்டு பேர் எப்படியாவது வந்தாக வேண்டும். எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையக் கூடாது.'

அவள் இரண்டு முறை படித்தாள். பன்னிரண்டு பேர் என்று இருந்தது. எப்படியாவது என்று இருந்தது. 'அதே' என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை. பத்தொன்பது வருடமாக ஒரே ஆள், ஒரே ஆள் என்று தொண்டை கிழியக் கத்தியவள், எழுத வேண்டிய இடத்தில் அந்த இரண்டெழுத்தை விட்டிருந்தாள். பன்னிரண்டு பேர் எப்படியாவது என்று கேட்டாள். இவர்கள் எப்படியோ கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

காது மடல் இரண்டும் சூடேறின. அதை மறைத்துக்கொண்டு தம்பியிடம் கேட்டாள்.

"நீங்க அந்தச் சமயத்துல வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"அரிப்புக்குச் சாப்பிட்டேங்க. தொடையில படை வந்து ரெண்டு மாசமா பாடாய்ப்படுத்துது."

அவ்வளவுதான், தென்னைமரத்தின் வேர் கிடைத்துவிட்டது. படைக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் வேறு சில மருந்துகளை உடம்பிலிருந்து வெளியேற விடாது. ரத்தத்தில் தேங்கவைத்துவிடும். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அண்ணன். மருந்தை விழுங்கியவர் தம்பி.

"அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே?"

"தலை சுத்துச்சுங்க. எழுந்து நிக்க முடியல, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. வெளியில சொன்னா அண்ணன் பேரு கெட்டுடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்துட்டேன்."

அங்கேதான் கணக்கம்மா பயந்துபோனாள். வேலை போகும் என்ற பயம் மூன்று நாளாகக் கூடவே இருந்தது, அது வேறு. இது வேறு. அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை நாலு மடங்காக ரத்தத்தில் ஏறி, கண் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதன், அவளுடைய எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கோப்பில் அண்ணனின் பெயர் இருந்திருக்கும். உள்ளே எழுந்த பயத்தில் அவள் இரண்டு பேரையும் கன்னாபின்னாவென்று திட்டினாள். இரண்டு மீசைகளும் தலைகுனிந்து நின்றன. திட்டி முடித்ததும், "நாளைக்கே வந்து எங்க டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டணும். நீங்களே வரணும், அண்ணனை அனுப்பக் கூடாது" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, உள்ளே தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

நேராகத் தையல் கடைக்குப் போனாள். கணவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"தப்பு யார் மேல?" என்றார் அவர், மிஷினை நிறுத்தாமல்.

"என் மேலதான்."

"அப்போ அழு. நான் கஸ்டமர் வந்தா பார்த்துக்கிறேன்."

அழுதாள். அவர் வெட்டி மிஞ்சிய துணி ஒன்றை எடுத்து நீட்டினார். பத்தொன்பது வருடக் கர்வமும் அந்தத் துண்டுத் துணியில் போயிற்று. கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாமியார் வாசலிலேயே நின்று பாதியைக் கேட்டுவிட்டார்.

"ஊருக்குத் தெரிஞ்சா என்னடி ஆகும்?"

"ஊருக்குத் தெரியத்தான் போகுது அத்தை. நானே எழுதிக் கொடுக்கப்போறேன்."

"நீயேவா? யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. அதான் பயமா இருக்கு."

மாமியார் மருமகளின் அழுது சிவந்த மூக்கைப் பார்த்துவிட்டு, தூக்குவாளியைத் திறந்து முதலில் அவளைச் சாப்பிடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை டைரக்டருக்கு விஷயத்தைச் சொன்னபோது, அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை அந்த அறை அதற்கு முன் பார்த்ததில்லை. ஏழாம் நம்பர் ஒரே ஆளே இல்லை! அப்படியானால் அவரை நீக்க நியாயமான காரணம் கிடைத்தாயிற்று. இருபத்தெட்டு, பதிலுக்கு நாலு, ஆக முப்பத்திரண்டு. கட்டில் நாலு மிச்சம்கூட இருக்கிறது.

"பிரமாதம் மேடம்! உடனே எழுதுங்க. 'ஏழாம் நம்பர் சொந்தக் காரணங்களால் இரண்டாம் முறைக்கு வரவில்லை.' அவ்வளவுதான். உண்மையும் அதுதானே? அவர் வரலையே!"

"வந்தவரை என்ன சார் பண்றது?"

"வந்தவரா? வந்தவர் யாருன்னு நமக்கெதுக்கு?"

"அவருக்குத் தலை சுத்தியிருக்கு சார்."

டைரக்டரின் முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல இறங்கியது. கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர்தான் அவர், கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"இங்க பாருங்க. சொந்தக் காரணம்னு எழுதினா உங்க எண்ணிக்கையும் சரியா இருக்கும், உங்க வேலையும் இருக்கும். ஆள் மாறிப்போச்சுன்னு எழுதினா கம்பெனிக்காரன் எப்படி மாறிச்சுன்னு கேப்பான். அந்தச் சீட்டு வெளியில வரும். அதுல இருக்கிறது உங்க கையெழுத்து. அதுக்கப்புறம் நான் நினைச்சாலும் உங்களைக் காப்பாத்த முடியாது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"சார், நான் கணக்குல ஒரு ஆளைத் தள்ளணும்னா அதுக்கு நிஜமான காரணம் வேணும்னு உங்ககிட்ட சண்டை போட்டவ. நிஜமான காரணம் கிடைச்சதும் அதை மறைச்சா, செவ்வாய்க்கிழமையே நீங்க சொன்னதைக் கேட்டிருக்கலாமே."

நடைமுறை தவறினால் எழுதுவதற்கென்று நிலையத்தில் ஒரு படிவம் உண்டு. கணக்கம்மா அதை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். சீட்டையும் பின்னால் இணைத்தாள். கடைசியில் 'காரணமானவர்கள்' என்று ஒரு கட்டம், அதில் ஐந்து வரிகள் இருந்தன. ஐந்து பேர் சேர்ந்து செய்தால்தான் தப்பு என்று அந்தப் படிவத்தை அச்சடித்தவர் நினைத்திருக்க வேண்டும்.

சிஸ்டர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூன்று முறை அந்தப் பக்கம் வந்து போனார். மீசையை மட்டும் பார்த்து உள்ளே விட்டவர் அவர்தானே? ஆள்பிடி அண்ணன் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். வேலை கேட்டு வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என் பேரையும் எழுதிக்கங்கம்மா. மூணு தடவை போன் பண்ணி மிரட்டினவன் நான்தானே? நீங்க ஒருத்தரே தலையில சுமக்க வேண்டாம்."

கணக்கம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடமாக அவள் கேட்ட ஆட்களையெல்லாம் திட்டிக்கொண்டே தேடிக் கொடுத்த மனிதர், இன்றைக்கு யாரும் கேட்காமலே ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

"ஒருத்தர் போதும் அண்ணா" என்றாள்.

முதல் வரியில் தன் முழுப் பெயரை, அப்பாவின் தலைப்பெழுத்தோடு, எழுதினாள். மிச்ச நாலு வரிகளின் குறுக்கே கோடு போட்டாள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டைரக்டர் முப்பத்திரண்டு என்ற எண்ணிக்கையோடு அதையும் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். அனுப்பிவிட்டு, கணக்கம்மா முன்னாலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு பதினொரு நாட்கள் பதில் இல்லை. தம்பியை டாக்டர் பார்த்து ஒன்றும் பாதகமில்லை என்றார். சகோதரர்கள் இரண்டு பேரையும் ஒரு வருடத்துக்கு எந்தச் சோதனையிலும் சேர்ப்பதில்லை என்று முடிவாயிற்று. அதைச் சொல்லவும் கணக்கம்மாவே டயர் கடைக்குப் போனாள். அவர்கள் வருத்தப்பட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் அவள் மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தாள். இரண்டு ஸ்கேல், ஒரு தலைவலித் தைலம், பதினேழு பேனா மூடிகள். பேனா ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்தாள். வீட்டில் மாமியார் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளை அதிகமாகக் கலக்கியது.

பன்னிரண்டாம் நாள் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். அவர் கையில் கம்பெனியின் கடிதம். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் படிக்க ஆரம்பித்தார்.

"உங்கள் நிலையத்தில் ஆள் மாறி வந்ததை அறிந்து அதிர்ச்சி அடைந்தோம். எனினும், அதை நீங்களாகவே எழுதி அனுப்பியதைக் கவனத்தில் கொண்டு, பெரிய சோதனையை உங்களிடமே ஒப்படைக்கிறோம். நிபந்தனைகள் மூன்று. ஒன்று, வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு முறையும் கைரேகை எடுக்க வேண்டும். இரண்டு..."

அவர் தொண்டையைச் செருமினார்.

"இரண்டு, இந்த அறிக்கையை எழுதியவரே எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும். வேறு யாருடைய கையெழுத்தையும் ஏற்க மாட்டோம்."

கணக்கம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது?" என்றாள்.

"மூணாவது இருக்கு." டைரக்டர் கடிதத்தை மேஜைமேல் போட்டார். "உங்க லட்சணம் தெரிஞ்ச பிறகு நூறு தடவையில எண்பது தடவை நல்ல மாத்திரை தேறும்ங்கிறதை மட்டும் நம்பி இறங்க அவங்களுக்கு மனசு வரலையாம். தொண்ணூறு கேக்கிறாங்க."

கணக்கம்மாவின் உதடுகள் அசைந்தன. அந்தக் கணக்குக்கு அவளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை.

"முப்பத்தெட்டு, சார்."

"பதிலுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க, சொல்லுங்க. நானே சொல்றேன். இன்னும் நாலு. நாற்பத்திரண்டு பேர், முப்பத்தாறு கட்டில்." டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "மீதி ஆறு பேரை என் வீட்டுல படுக்கவைக்கட்டுமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, அதை அடக்கப்போய் விக்கலாக முடிந்தது. டைரக்டர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாளை வாங்கிக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தாளில் போட்ட கையெழுத்துதான், கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அன்றைக்கு அதைப் போட்டு முடிக்க அவளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.